மலைக்கு முந்தைய நாள்: நண்பர்களோடு காத்மாண்டுவைச் சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி

எவரெஸ்ட் அடிவார முகாம், அன்னபூர்ணா, லாங்டாங், முக்திநாத் என்று நேபாளத்தில் எந்த மலைக்குக் கிளம்பினாலும் காத்மாண்டுவில் ஒரு நாள் கையில் கிடைக்கும். முதல்முறை போகிறவர்கள் அந்த ஒரு நாளில்தான் கோட்டை விடுகிறார்கள். ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்துவிட்டால் ஒரே பகலில் ஏழு இடம் பார்க்கத் திட்டம் போடுவார்கள், நள்ளிரவு வரை பயணிகள் தங்கும் கடைவீதியான தமேல் தெருக்களில் சுற்றுவார்கள், விடிவதற்குள் வண்டி ஏறுவார்கள். மூன்றாம் நாள் மலையில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, ஒருவருக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல், இன்னொருவருக்குக் குதிகாலில் கொப்புளம். மலையைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்றுமே காத்மாண்டுவில் இருந்து சுமந்துகொண்டு போனவை.

எனவே இந்த நாளை மலைப்பயணத்தின் முதல் நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க மூன்று நான்கு இடம், சாமான் வாங்க இரண்டு மணி நேரம், மூட்டை கட்ட ஒரு மணி நேரம், நல்ல தூக்கம். இதற்குமேல் ஒரு நாளில் இடமில்லை.

1. நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம்?

எதைப் பார்க்கலாம் என்று பேசுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும். இன்றைய நாள் எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதை இதுதான் சொல்லும்.

எவரெஸ்ட் பக்கம் போகிறவர்கள் லுக்லாவுக்குச் சின்ன விமானம் பிடிக்க வேண்டும். வசந்த காலத்திலும் அக்டோபர், நவம்பரிலும் கூட்டம் அதிகமான மாதங்களில் அந்த விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவில் இருந்து கிளம்புவதில்லை. ராமேச்சாப் மாவட்டத்து மந்தலி விமான நிலையத்தில் இருந்து கிளம்பும். காத்மாண்டுவில் இருந்து மந்தலி ஏறக்குறைய 130 கிலோமீட்டர், மலைப்பாதையில் நாலைந்து மணி நேரம். விடியற்காலை விமானத்துக்கு இரவு 1 மணி, 2 மணிக்கே விடுதி வாசலில் வண்டி வந்து நிற்கும். அப்படியானால் ஊர் சுற்றல் பகல் 1 மணிக்கு முடிய வேண்டும், சாப்பாடு மாலை 5 மணிக்கு, படுக்கை 6 மணிக்கு. "வண்டியில் தூங்கிக்கொள்ளலாம்" என்பார் ஒருவர். அந்த வளைவுகளில் தூக்கம் வராது, வாந்திதான் வரும்.

அன்னபூர்ணா, முக்திநாத் பக்கம் போகிறவர்கள் முதலில் பொக்காராவுக்குப் பேருந்தில் போவார்கள். சுமார் 200 கிலோமீட்டர்தான், ஆனால் சாலைப்பணி, நெரிசல் எல்லாம் சேர்ந்து 7 முதல் 9 மணி நேரம் ஆகும். சுற்றுலாப் பேருந்துகள் காலை 7 மணி வாக்கில் கிளம்பும். இவர்களுக்கு மாலை வரை நேரம் உண்டு. லாங்டாங் போகிறவர்கள் ஸ்யாப்ரு பேசி என்ற ஊருக்கு முழுநாள் சாலையில் குலுங்க வேண்டும், கிளம்புவதும் அதிகாலையில். எப்படியானாலும் வண்டி ஏறும் இடத்தின் பெயரை ஏஜென்சியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காத்மாண்டுவில் ஊருக்கு ஒரு நிறுத்தம். இருட்டில் தேடி அலைய முடியாது.

இன்னொரு சின்ன விஷயம். நேபாள நேரம் நம் நேரத்தைவிட 15 நிமிடம் முன்னால். கைப்பேசி தானாக மாற்றிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாற்றிக்கொள்ளாது. குழுவில் எல்லோரும் நேபாள நேரத்திலேயே பேசுவது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

2. வரும் நாளும் வார நாளும்

காத்மாண்டுவில் வந்து இறங்கும் நாளை ஊர் சுற்றும் நாளாகக் கணக்கில் எடுக்காதீர்கள். டெல்லியில் விமானம் மாறி வருகிறவர்களின் பெட்டி சில வேளைகளில் அடுத்த விமானத்தில்தான் வரும். இடையில் ஒரு முழு நாள் இருந்தால் அது உங்களை வந்தடையும். அதே காரணத்துக்காக, மலைக்குப் போடும் ஷூவைக் காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். மருந்து, மூக்குக்கண்ணாடி, இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். மற்றதெல்லாம் தொலைந்தாலும் தமேலில் வாங்கலாம், பழகிய ஷூவை வாங்க முடியாது.

இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம். விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணைய வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதாரை நம்பிக் கிளம்பி விமான நிலையத்திலேயே திரும்பியவர்கள் உண்டு. மலை அனுமதி, சிம் கார்டு எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட்தான் வசதி. அதன் நகல் 4, பாஸ்போர்ட் அளவுப் படம் 4 ஆளுக்கு ஆள் கொண்டுவரட்டும்.

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. அனுமதிச் சீட்டை நீங்களே வாங்குவதாக இருந்தால் அந்த நாளைத் தவிருங்கள். நம் நவராத்திரி நாட்களில் அங்கே தசைன் பண்டிகை. பள்ளி விடுமுறையை ஒட்டி அப்போதுதான் நம்மவர்கள் அதிகம் போகிறார்கள், அப்போதுதான் அங்கே அலுவலகங்களும் பல கடைகளும் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். தசைன் சமயத்தில் போனால் அனுமதிச் சீட்டை ஏஜென்சி மூலம் முன்கூட்டியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

3. மறக்கக் கூடாத வேலை: சீட்டு, சிம், பணம்

வெளிநாட்டவர் மலைப்பாதைகளில் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் நடக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. கைடு வைத்தால் அனுமதிச் சீட்டுகளை ஏஜென்சியே எடுத்துத் தரும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான சீட்டு காத்மாண்டுவில் பிரிகுட்டி மண்டபம் பகுதியில் உள்ள நேபாள சுற்றுலா வாரிய அலுவலகத்தில் கிடைக்கும். எவரெஸ்ட் பாதைக்கு வேண்டிய கும்பு பசாங் லாமு ஊரக நகராட்சிச் சீட்டையும் சாகர்மாதா தேசியப் பூங்காச் சீட்டையும் லுக்லா, மோஞ்சோ வழியில் வாங்கிக்கொள்ளலாம். நம்மையும் சேர்த்து சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பின் நாட்டவருக்குக் கட்டணச் சலுகை உண்டு, நகரத்துக் கோயில் சதுக்கங்களிலும் அப்படியே. பாஸ்போர்ட்டைக் காட்டி "சார்க்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீட்டு கையில் வந்ததும் பெயரின் எழுத்துக்கூட்டலையும் பாஸ்போர்ட் எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் இங்கே ஐந்து நிமிடத்தில் திருத்தலாம், சோதனைச் சாவடியில் முடியாது.

சிம் வாங்கும்போது எல்லோரும் ஒரே நிறுவனத்தில் வாங்காதீர்கள். நேபாள் டெலிகாம் எடுக்கும் இடத்தில் என்செல் எடுக்காது, சில இடங்களில் அதற்கு நேர்மாறு. நான்கு பேர் இருந்தால் இரண்டு அது, இரண்டு இது.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது பல ஆண்டுகளாக மாறாத நிலையான விகிதம். கடையில் விலை சொன்னால் "ஐசியா, என்சியா?" என்று கேளுங்கள். ஐசி என்றால் இந்தியப் பணம், என்சி என்றால் நேபாளப் பணம். இதைக் கேட்காமல் போனால் 1,000 என்று சொன்ன தொப்பிக்கு இந்தியப் பணமாக 1,000 கொடுத்துவிட்டு வருவீர்கள், உண்மை விலை 625தான். இந்திய 100 ரூபாய்த் தாளைப் பல கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். பெரிய தாள்கள் பற்றிய விதி அவ்வப்போது மாறுவதால் அவற்றை நம்பிக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோக வேண்டாம். நேபாளத்து ஃபோன்பே (Fonepay, நம் ஊர் PhonePe அல்ல) கியூஆர் ஒட்டியிருக்கும் நகரக் கடைகளில் நம் யூபிஐ செயலிகள் 2024 முதல் வேலை செய்கின்றன. மலையில் அது எதுவும் நடக்காது. எவரெஸ்ட் பாதையில் நாம்சேயிலும் முக்திநாத் வழியில் ஜோம்சோமிலும் ஏடிஎம் உண்டு, ஆனால் பணம் தீர்ந்தோ மின்சாரம் போயோ நிற்பது வழக்கம். மலைக்கு வேண்டிய முழுப் பணத்தையும் காத்மாண்டுவிலேயே எடுங்கள், அதில் பாதியாவது 100, 500 தாள்களாக இருக்கட்டும். மேலே ஒரு டீக்கு 1,000 நீட்டினால் சில்லறை இருக்காது.

குழுவுக்கு ஒரு பொதுப் பை வையுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று ஒருவரிடம் கொடுத்துவிட்டால் டாக்சி, நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாம் அதிலிருந்து போகும். கணக்கு வைத்திருப்பவர் இரவில் ஒருமுறை எல்லோருக்கும் காட்டிவிட்டால் போதும். மலையில் பத்து நாள் ஒன்றாக இருக்க வேண்டியவர்கள், பணத்தில் மனக்கசப்பு வரவே கூடாது.

4. சுயம்புநாத்: 365 படியும் உங்கள் ஷூவும்

காலை 6 மணிக்குத் தமேலில் இருந்து நடந்தே கிளம்புங்கள். இரண்டரை கிலோமீட்டர், விஷ்ணுமதி ஆற்றைக் கடந்து அரை மணி, முக்கால் மணி நடை. அந்த நேரத்தில் தெருவில் புகையும் தூசியும் குறைவு, உள்ளூர்க்காரர்கள் கையில் பூவும் விளக்குமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். 9 மணிக்கு மேல் வந்தால் இதில் பாதிதான் கிடைக்கும்.

கிழக்கு வாசலில் இருந்து மேலே போக 365 படிகள். கடைசிப் பகுதி நல்ல செங்குத்து. டாக்சிக்காரர் மேற்குப் பக்கத்து வண்டி நிறுத்தத்தில் விடுகிறேன் என்பார், அங்கிருந்து படி குறைவு. மலைக்குப் போகிறவர்கள் கிழக்கு வழியாகவே ஏறுங்கள். இந்தப் படிகள் உங்களுக்குக் கிடைத்திருக்கும் கடைசிச் சோதனைக்கூடம்.

மலைக்குப் போடும் அதே ஷூ, அதே சாக்ஸ், முதுகில் நாலைந்து கிலோ எடையோடு சிறு பை. ஏறும்போது பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு மூச்சில் அறுபட்டால் வேகம் அதிகம். மலையில் நாள் முழுக்க நடக்க வேண்டிய வேகம் இதுதான். குழுவில் யார் எந்த வேகம் என்பதும் இங்கே தெரிந்துவிடும். மெதுவாக வருகிறவரை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் நடக்கும் பழக்கத்தை இங்கேயே தொடங்கலாம்.

இறங்கும்போதுதான் ஷூவின் குணம் தெரியும். கால்விரல் நுனி ஷூவின் முன்பக்கத்தில் இடிக்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் கவனியுங்கள். இங்கே லேசாக இடித்தால், மலையில் இறங்கும் நாட்களில் பெருவிரல் நகம் கறுத்துப் போகும். பெரும்பாலும் ஷூவின் அளவில் குற்றம் இருக்காது. குதிகால் உள்ளே நழுவுவதால் பாதம் முன்னால் தள்ளப்படுகிறது. அதற்கு நாடா கட்டும் முறையை மாற்ற வேண்டும். ஷூவைப் போட்டுக் குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டி, பாதத்தைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். கீழ்ப்பகுதி நாடாவைச் சாதாரணமாக இழுங்கள். பாதம் வளைந்து கணுக்காலாகத் திரும்பும் இடத்தில், நாடா இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். அந்த முடிச்சு நழுவாது, குதிகாலைப் பிடித்து நிறுத்தும். பிறகு மேல் கொக்கிகளைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டலாம். மறுபடி பத்துப் படி ஏறி இறங்கிப் பாருங்கள். அப்படியும் இடித்தால் சாக்ஸை மாற்றிப் பாருங்கள். குதிகாலில் எங்காவது சூடாக உரசுவது தெரிந்தால் அதே நிமிடம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். சிவந்த இடம் கொப்புளமாக அரை மணி நேரம் போதும்.

மேலே தூபியை வலமாகச் சுற்ற வேண்டும், பிரார்த்தனை உருளைகளையும் வலப்பக்கமாகவே உருட்ட வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்றும், போதிசத்துவர் மஞ்சுஸ்ரீ சோபார் மலையை வாளால் வெட்டி நீரை வடித்தார் என்றும் சொல்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் நாற்புறமும் மலை சூழ்ந்த கிண்ணம் போலக் கிடக்கும் ஊரைப் பார்த்து அந்தக் கதையை நம்பத் தோன்றும். குரங்குகள் ஏராளம். பிஸ்கட், வாழைப்பழம், பிளாஸ்டிக் பை கையில் தெரியக் கூடாது. குரங்கு கீறினால் வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசி வரிசையைத் தொடங்க வேண்டியிருக்கும், மலைப்பயணம் அதோடு முடிந்தது.

5. பசந்தபூரில் இருந்து அசன் வரை

சுயம்புவில் இருந்து இறங்கிக் கிழக்கே அரை மணி நடந்தால் பசந்தபூர், அதாவது காத்மாண்டு தர்பார் சதுக்கம். 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்தப் பள்ளத்தாக்கின் ஏழு இடங்களில் ஒன்று. 2015 ஏப்ரல் 25 அன்று வந்த 7.8 அளவிலான நிலநடுக்கத்தில் இங்கே பல கோயில்கள் தரைமட்டமாயின. ஊருக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் காஷ்டமண்டபமும் அப்போது விழுந்தது. இப்போது பழைய முறைப்படி மரத்தால் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே போய் அதன் தூண்களைப் பாருங்கள். புது மரம் எது, பழைய செதுக்கல் எது என்று பார்த்துப் பிரித்தறிவதே ஒரு சுகம்.

1757-இல் கட்டிய குமாரி வீட்டின் முற்றத்தில் நின்றால், உயிருள்ள தெய்வமாக வணங்கப்படும் சிறுமி சில வேளைகளில் மேல் ஜன்னலில் தெரிவாள். அவளைப் படம் எடுக்கக் கூடாது. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நில்லுங்கள். சதுக்கத்தில் ஒன்றரை மணி நேரம் போதும். வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு நாலைந்து பேர் பின்னால் வருவார்கள். வேண்டுமானால் நேரம், தொகை, ஐசியா என்சியா மூன்றையும் முதலில் பேசுங்கள்.

அங்கிருந்து தமேலுக்கு டாக்சி பிடிக்காதீர்கள். இந்திரா சௌக், அசன் வழியாக நடங்கள். ஊரின் பழைய கடைவீதி அதுதான், இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அசனில் ஆறு தெரு கூடும் முக்கில் அன்னபூர்ணா கோயில், சுற்றிலும் மசாலா, பித்தளைப் பாத்திரம், உலர்பழம். மலைக்குக் கொறிக்க வேண்டியதை இங்கே வாங்குவது தமேலைவிட மலிவு. ஆளுக்கு பாதாம், முந்திரி, திராட்சை கலந்து ஒரு நாளைக்கு 50 கிராம் கணக்கு வைத்தால் பத்து நாளுக்கு அரைக் கிலோ. திறந்த சாக்கில் இருப்பதைவிடக் கட்டிய பாக்கெட்டே நல்லது. கூட்டம் நெருக்கும் இடம், மோட்டார் சைக்கிளும் அதே சந்தில்தான் வரும். ஆறு பேரும் ஒட்டிக்கொண்டு நடக்க முடியாது, "பிரிந்துவிட்டால் அன்னபூர்ணா கோயில் முன்னால்" என்று சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.

பசந்தபூர் முடிந்ததும் பக்தப்பூரையும் பார்த்துவிடலாம் என்று யாராவது கிளப்புவார்கள். அது 13 கிலோமீட்டர் கிழக்கே, அரை நாள் வேண்டும். அதையும் பாட்டனையும் மலையில் இருந்து திரும்பி வரும் நாளுக்கு வையுங்கள். 1637-இல் சித்தி நரசிம்ம மல்லர் கட்டிய பாட்டன் கிருஷ்ணர் கோயிலில் மகாபாரதமும் ராமாயணமும் கல்லில் வரிவரியாகச் செதுக்கியிருக்கின்றன. அதை நாளைய மூட்டையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே பார்ப்பது அநியாயம்.

6. சாப்பாடு, தண்ணீர், மூச்சு

மலைக்கு முந்தைய நாள் புது ருசி தேடும் நாளாக இருக்க வேண்டாம். பகலில் தால் பாத் சாப்பிடுங்கள். சோறு, பருப்பு, காய், கீரை, கேட்டால் மறுபடி போடுவார்கள், சுடச்சுட வரும், நம் வயிற்றுக்குப் பழக்கமானதும்கூட. கூட வரும் பச்சை முள்ளங்கித் துண்டுகளையும் வெட்டிய வெங்காயத்தையும் ஒதுக்குங்கள். மோமோ சாப்பிடலாம், ஆவி பறக்க வந்தால் மட்டும். அதன் சட்னி பல கடைகளில் கொதிக்காதது, வயிறு கெடுவது பெரும்பாலும் அதனால்தான். பட்டியலில் "பஃப்" என்று இருந்தால் எருமை இறைச்சி. சைவம் வேண்டுமானால் "சாகாஹாரி" என்று சொல்லுங்கள், இந்தி எங்கும் புரியும். கடைக்காரரை "தாய்" என்றும், பெண்மணியை "தீதி" என்றும் கூப்பிடலாம். அண்ணா, அக்கா என்பதற்கு அங்கே அதுதான்.

குழாய்த் தண்ணீரால் பல் துலக்குவதுகூட வேண்டாம். தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை கொண்டுவந்திருந்தால் அதை இன்றே பயன்படுத்திப் பாருங்கள். அதன் வாசனை சிலருக்குப் பிடிக்காமல் மலையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். அது உயரத்தில் ஆபத்து.

காத்மாண்டுவின் தூசி பெரும் தொல்லை, மழையில்லாத மாதங்களில் சொல்லவே வேண்டாம். தெருவில் நடக்கும்போது முகக்கவசம் போடுங்கள். தொண்டை கரகரப்போடு மலையேறினால் உலர்ந்த குளிர்க்காற்றில் அது இருமலாக மாறி இறங்கும்வரை விடாது.

மதுவைப் பற்றி ஒரே வரி: மலையில் இருந்து இறங்கிய பிறகு.

7. தமேலில் இரண்டு மணி நேரம்

என்ன வேண்டும் என்று ஊரிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். பட்டியல் இல்லாமல் தமேலுக்குள் நுழைந்தவர் மாலை வரை வெளியே வரமாட்டார். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர் தைத்த சட்டையும் ஜாக்கெட்டும் மலிவாகத் தொங்கும். பெரும்பாலானவை உள்ளூரில் தைத்தவை. கையுறை, கம்பளித் தொப்பி, கழுத்துத் துணி, மழைக்கான போஞ்சோ, டஃபல் பை இவற்றுக்கு அது போதும். ஷூவை மட்டும் இங்கே புதிதாக வாங்கி மறுநாள் போடாதீர்கள்.

டவுன் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேகும் வாடகைக்கு எடுக்கலாம். ஸ்லீப்பிங் பேகின் பையில் அச்சடித்த வெப்பநிலையை நம்ப வேண்டாம். உறையில் இருந்து வெளியே எடுக்கச் சொல்லி, நன்றாக உதறித் தரையில் விரித்துப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். நல்லது என்றால் தலையணைபோல உப்பி எழும்பும். எழும்பாமல் தட்டையாகக் கிடந்தால், அல்லது தடவும்போது இறகு உருண்டையாகத் திரண்டிருந்தால் வேண்டாம். திரண்ட இடங்களுக்கு நடுவே வெறும் துணிதான், குளிர் அந்த வழியாக இறங்கும். ஜிப்பை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் முழுக்க இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். முகர்ந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டாம், பத்து இரவு அதற்குள் படுக்கப் போவது நீங்கள். கைத்தடி வாங்கினால் நீளத்தைப் பூட்டிவிட்டு உடல் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்துப் பாருங்கள். வழுக்கிச் சுருங்கினால் இறக்கத்தில் அது உங்களைக் கீழே தள்ளிவிடும்.

வாடகைக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், பணம் வையுங்கள். ஏற்கெனவே உள்ள கிழிசலைச் சீட்டில் எழுதச் சொல்லிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும் தேதியில் இரண்டு நாள் கூடுதலாகப் போடுங்கள். மேகம் வந்தால் லுக்லா விமானம் நாட்கணக்கில் நிற்கும்.

8. மாலை இருந்தால்: பௌத்தநாத்தும் பசுபதிநாதரும்

மறுநாள் காலை 7 மணிக்குப் பேருந்து ஏறுகிறவர்களுக்கு மட்டும் இது. இரண்டும் ஊரின் கிழக்கே, ஒன்றுக்கொன்று சுமார் 2 கிலோமீட்டர். தமேலில் இருந்து டாக்சியில் அரை மணி ஆகும், மாலை நெரிசலில் ஒரு மணி. செயலி வழியாக இன்டிரைவ், பதாவ் வண்டி பிடித்தால் பேரம் மிச்சம்.

பிற்பகல் 3 மணிக்குப் பௌத்தநாத் போய், தூபியைச் சுற்றி உள்ளூர்க்காரர்களோடு வலம் வாருங்கள். நிலநடுக்கத்தில் உச்சி விரிசல் கண்டு, 2016 நவம்பரில் செப்பனிட்டுத் திறந்தார்கள். சுற்றியுள்ள மாடிக் கடைகளில் ஒரு டீயோடு அரை மணி உட்காரலாம். 5 மணிக்குப் பசுபதிநாதர். கருவறைப் பகுதி நண்பகலில் மூடி மாலை 5 மணிக்குத் திறக்கும். இந்துக்கள் மட்டுமே முதன்மைக் கோயிலுக்குள் போகலாம், குழுவில் மற்றவர் இருந்தால் பாக்மதியின் கிழக்குக் கரையில் இருந்து பார்க்கலாம். தோல் பெல்ட், தோல் பர்ஸ் உள்ளே விடமாட்டார்கள், படம் எடுக்கவும் தடை. அதனால் அன்றைக்குத் துணி பெல்ட்டோடு போங்கள். உள்ளே பூசை செய்யும் பட்டர்கள் தென்னிந்தியாவில் இருந்து போனவர்கள் என்பது நம்மவர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி. பாக்மதிக் கரையில் மாலை ஆரத்தி நடக்கும். அதே கரையில் சிதைகளும் எரிந்துகொண்டிருக்கும். அங்கே துக்கத்தில் நிற்கும் குடும்பத்தை நோக்கிக் கேமராவைத் தூக்காதீர்கள்.

திருச்சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய முக்திநாத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். காத்மாண்டு 1,400 மீட்டர், பொக்காரா அதைவிடத் தாழ்வு, முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். ஜீப்பில் ஒரே நாளில் ஏறிவிட முடியும் என்பதுதான் அங்கே சிக்கல். நடந்து போகிறவர்களைவிட இவர்களுக்குத்தான் தலைவலியும் வாந்தியும் சீக்கிரம் வருகின்றன. இடையில் ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ ஓர் இரவு தங்கும்படி இன்றே கைடிடம் பேசுங்கள்.

9. மூட்டையும் மருந்தும்

விடுதிக்குத் திரும்பியதும் குளிப்பதற்கு முன் மூட்டையைக் கட்டுங்கள். குளித்தால் படுக்கத் தோன்றும். லுக்லா விமானத்தில் ஆளுக்குப் பெரிய பை 10 கிலோ, கைப்பை 5 கிலோ, ஆக 15 என்பது வழக்கமான அளவு. விடுதி வரவேற்பறையில் தராசு இருக்கும், எல்லோரும் ஒன்றாகவே நிறுத்துவிடுங்கள். பைக்குள் முதலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையைப் போட்டு அதற்குள் துணிகளை வையுங்கள். வெளியே போடும் மழையுறை ஓரளவுக்குத்தான் தாங்கும். பவர் பேங்க் கைப்பையில் இருக்க வேண்டும். ஒருவரிடம் இருந்தால் போதும் என்கிற சாமான்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதலுதவிப் பெட்டி, நகவெட்டி, ஊசி நூல், ஷாம்பு. ஆறு பேர் ஆறு ஷாம்பு சுமப்பதை இந்த இடத்தில்தான் நிறுத்த முடியும். மலைக்கு வேண்டாததை இன்னொரு பையில் போட்டு, பெயரும் திரும்பும் தேதியும் எழுதி விடுதியில் விட்டுச் செல்லலாம். கால் நகங்களை நேராக, சதை வெட்டுப்படாமல் வெட்டிக்கொள்ளுங்கள்.

உயரம் ஏறுவதால் வரும் உயர நோய்க்கு டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதாக இருந்தால் மருத்துவரை ஊரிலேயே பார்த்திருக்க வேண்டும். வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று, உயரத்துக்கு ஏறுவதற்கு முந்தைய நாளே தொடக்கம். லுக்லா 2,860 மீட்டரில் இருப்பதால் விமானத்தில் போகிறவர்களுக்கு அந்த முந்தைய நாள் இன்றுதான். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. விரல் நுனி கூசும், அடிக்கடி சிறுநீர் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரை எடுத்தாலும் 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு அதிகமாகத் தூங்கும் உயரத்தைக் கூட்டக் கூடாது என்பது மாறாது. கைடு கொடுத்த நாள்வாரித் திட்டத்தில் தங்கும் ஊர்களின் உயரத்தை இன்றிரவே கழித்துப் பாருங்கள். இடிக்கிற நாள் இருந்தால் ஓய்வு நாள் கேளுங்கள். கூடவே காப்பீட்டுப் பத்திரத்தில் எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்புக்கு யாரை அழைக்க வேண்டும் என்று பார்த்து, அந்த எண்ணை எல்லோருடைய கைப்பேசியிலும் பதிந்துவிடுங்கள். மேலே போனபின் இணையத்தில் தேட முடியாது.

இரவு உணவு சூடான சூப், ரொட்டி, முட்டை என்ற அளவில் நிற்கட்டும். விடுதிக் கணக்கை இப்போதே தீர்த்துவிடுங்கள், இரவு 1 மணிக்கு வரவேற்பறையில் ஆள் இருக்கமாட்டார். காலைச் சிற்றுண்டியைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொன்னால் பெரும்பாலான விடுதிகளில் செய்வார்கள், அதையும் மாலையிலேயே சொல்ல வேண்டும். நாளைக்குப் போடும் உடுப்பை நாற்காலியில் எடுத்துவையுங்கள், தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பி ஷூவுக்குப் பக்கத்தில் வையுங்கள், அனுமதிச் சீட்டும் பாஸ்போர்ட்டும் கைப்பையின் மேல் அறையில் இருக்கட்டும். இரண்டு பேர் கைப்பேசியில் அலாரம் வைத்து, இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள்.